ஆராதனையில் மனசு எங்கே போகிறது?

போன கட்டுரையில் ஜி.எஸ்.டி. பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு மூன்று தடவை கொட்டாவி விட்டதாக வகுப்புத் தோழன் ஒருவன் சொன்னான். சரி, இந்தத் தடவை கொட்டாவியைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன் :-)

எந்தக் கொட்டாவி? ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் வருகிற கொட்டாவி. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு சர்ச் பற்றி எழுதுகிறானே என்று ஆச்சரியப்படாதீர்கள். அண்ணாமலையார் கோபுரம் தெரிகிற இதே ஊரில்தான் டேனிஷ் மிஷன் பள்ளியும் இருக்கிறது, லுத்தரன், கத்தோலிக்க ஆலயங்களும் இருக்கின்றன. கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் படிக்கலாம். பூஜையில், தொழுகையில், தியானத்தில், ஏன், காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில்கூட இதே பிரச்சினைதான்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆராதனையில் மனசு அலைவது பெரிய விஷயமில்லை. அலைந்த மனசு திரும்பி வருகிறதா என்பதுதான் விஷயம். அப்படித் திரும்பி வருவது நம் பக்தியை நிரூபிக்க அல்ல, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவருக்காக.

எல்லாருக்கும் அலையும்

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்கள் ஆராதனை ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். பாட்டு, பாவ அறிக்கை, வேத பாடங்கள், விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், காணிக்கை, பொது ஜெபம், அறிவிப்பு, ஆசீர்வாதம். மாதத்தில் சில ஞாயிறு திருவிருந்தும் உண்டு.

இத்தனையும் நடக்கும்போது உடம்பு பெஞ்சில் இருக்கும். மனசு? வாசலில் விட்ட புதுச் செருப்பில் இருக்கும். அங்கிருந்து அடுப்பில் வைத்துவிட்டு வந்த குக்கருக்குப் போகும். அப்புறம் சீட்டுப் பணம், அரியர் பேப்பர், அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன். பிரசங்கத்தில் "மூன்றாவதாக" என்று கேட்டதும் திடுக்கிட்டு, "அப்போ இரண்டாவது எப்போ போச்சு?" என்று யோசிக்கும்.

இது இந்தத் தலைமுறையின் வியாதி என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் செல்போன் வழியாக அவ்வப்போது, "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனசு அதில்தான் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். 46.9 சதவீதத் தடவை மனசு வேறு எங்கோ இருந்தது. கிட்டத்தட்ட பாதி நேரம்! வேலை, சாப்பாடு, பேச்சு எதுவும் விதிவிலக்கில்லை. சர்ச் வாசலைத் தாண்டினதும் மூளை மட்டும் புதுசாக மாறிவிடுமா என்ன?

பழைய காலத்திலும் இதே கதைதான். கெத்செமனே தோட்டத்தில் இயேசு விழித்திருக்கச் சொன்ன சீடர்களே தூங்கிவிட்டார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் ஐத்திகு என்ற வாலிபன் வருகிறான். துரோவா பட்டணத்தில் பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த பையன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிட்டான். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, யாரும் பையனைத் திட்டவில்லை என்பதுதான். பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொள்கிறார், அவன் பிழைக்கிறான். அப்புறம் பவுல் மேலே போய் விடியும்வரை பேசினாராம். அது தனி விஷயம் :-)

அவிலாவின் தெரசம்மாள் (1515–1582) கத்தோலிக்க சபை மறைவல்லுநர் என்று பட்டம் கொடுத்த புனிதர். ஜெபத்தைப் பற்றி அவரைவிட அதிகம் எழுதியவர்கள் குறைவு. அவரே தன் வரலாற்றில், சில வருடங்கள் ஜெப நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்று காது கொடுத்துக் காத்திருந்ததாக எழுதியிருக்கிறார். அவருக்கே அப்படி என்றால் பி.காம். படிக்கிற நமக்கு?

மிரட்டினால் சரியாகுமா?

இதற்கு உலகம் கண்டுபிடித்த முதல் வைத்தியம் மிரட்டல். 17-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் பியூரிட்டன் சபைகள் தூங்குகிறவர்களை எழுப்புவதற்கென்றே ஓர் ஆளை வைத்திருந்தன. கையில் நீளமான கோல், அதை வைத்துத் தட்டுவார். அயர்லாந்தில் ஜோனதன் ஸ்விஃப்ட், 'கலிவரின் பயணங்கள்' எழுதியவரேதான், சர்ச்சில் தூங்குவதைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கமே செய்தார். நம் ஊரில் கோல் இல்லை. அதற்குப் பதில் அம்மாவின் முழங்கை இருக்கிறது.

கோலால் தட்டினால் கண் திறக்கும். கவனம் திறக்குமா? கண்ணைத் திறந்துகொண்டு ஊர் சுற்றுவது இன்னும் சுலபம். குட்டு வாங்கிய பிள்ளை அதற்குப் பின் "பார்க்கிறார்களா" என்று அம்மாவைத்தான் கவனிக்கும், பிரசங்கத்தை அல்ல.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தவர் மார்ட்டின் லூத்தர். 1535-இல் பேதுரு என்ற அவருடைய முடிதிருத்துநர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். லூத்தர் அவருக்காக ஒரு சின்னப் புத்தகமே எழுதிக் கொடுத்தார். அதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, சலூன் உதாரணம்தான் இருக்கிறது. நல்ல முடிதிருத்துநர் கண்ணையும் கருத்தையும் கத்தியிலும் முடியிலும் வைத்திருப்பார், எதுவரை வெட்டினோம் என்று மறக்கமாட்டார். பேச்சு சுவாரசியத்தில் எங்கேயோ பார்த்தால் வாடிக்கையாளரின் வாயோ மூக்கோ கழுத்தோ போய்விடும். எந்த வேலைக்கும் இப்படிக் கவனம் தேவை என்றால் ஜெபத்துக்கு எவ்வளவு தேவை என்று கேட்கிறார். பரமண்டல ஜெபத்தை ஒரு இரத்தசாட்சி என்றே சொல்கிறார். எல்லாரும் மனசில்லாமல் கடகடவென்று ஒப்பித்தே அதைச் சித்திரவதை செய்கிறார்களாம்!

அவர் மிரட்டுவதோடு நிற்கவில்லை, வழியும் சொல்கிறார். பத்துக் கட்டளையில் ஒவ்வொன்றையும் எடுத்து நான்கு இழையாகத் திரித்து மாலை கட்டச் சொல்கிறார்: இது எனக்கு என்ன கற்றுத்தருகிறது, எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். பூக்கடைத் தெருவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது நன்றாகவே புரியும். கை வேலை செய்துகொண்டிருந்தால் மனசும் கூடவே இருக்கும். மனசுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கொடுக்காமல் "கவனி, கவனி" என்றால் அது எதைக் கவனிக்கும்?

இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

"மனசு அலைந்தால் அலையட்டுமே, கடவுளுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடவுளுக்குக் குறையாது. மனுஷருக்குக் குறையும்.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் நடந்ததைச் சொல்கிறேன். வேலை மாற்றலாகி எங்கள் ஊருக்குக் குடிவந்த ஒரு அக்கா. அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. விண்ணப்பச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மூன்று ஞாயிறு பொது ஜெபத்தில் வாசித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை அம்மா இறந்துபோனார். அடக்கமெல்லாம் சொந்த ஊரில் நடந்தது. பத்து நாள் கழித்து அக்கா ஆராதனைக்கு வந்தார். அன்றைக்குப் பொது ஜெபத்தில், தாயாரை இழந்த இந்தக் குடும்பத்தின் ஆறுதலுக்காக என்று பெயர் சொல்லியே வாசித்தார்கள். சபை முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு போடும்போது ஒருவர், "அம்மாவுக்கு இப்போ எப்படிம்மா இருக்கு? நாங்க தினமும் ஜெபத்துல வச்சிருக்கோம்" என்று கேட்டார். இன்னும் இரண்டு அடி நடந்தால் இன்னொருவர், அதே கேள்வி.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. உண்மையிலேயே அன்பாகத்தான் கேட்டார்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால் பதில் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். அந்த அக்கா "அம்மா தவறிட்டாங்க" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஆராதனையில் கவனம் என்ற பேச்சு வந்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். பிரசங்கத்தின் மூன்றாம் குறிப்பு தவறிப்போனால் கூடப் பரவாயில்லை, வேதத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மனுஷியின் துக்கம் சபை நடுவில் உரக்க வாசிக்கப்பட்டும் யாருக்கும் கேட்காமல் போனால், அப்புறம் நாம் கூடி வந்தது எதற்கு?

பிரான்ஸ் நாட்டுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் (1909–1943) ஓர் ஆசிரியை. ஞானஸ்நானம் வாங்காமல் சபையின் வாசற்படியிலேயே நின்றவர் என்று அவரைச் சொல்லலாம். பள்ளிப் படிப்புக்கும் ஜெபத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 1942-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஜெபம் என்பதே கவனம்தான் என்கிறார். ஒரு கணக்கோடு மல்லுக்கட்டி அதற்கு விடையே வராவிட்டாலும், அதற்குச் செலுத்திய கவனம் வீண்போகாது, ஒருநாள் அது ஜெபத்துக்கு உதவும் என்கிறார். இருப்பாய்வு டேலி ஆகாமல் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு எவ்வளவு ஆறுதலான செய்தி!

கடைசியில் அவர் சொல்வதுதான் முக்கியம். இப்படிப் பழகிய கவனம்தான் அடுத்தவரின் வேதனையைப் பார்க்கவும் தேவை. கஷ்டத்தில் இருப்பவரிடம் "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்டுவிட்டு, பதிலை உண்மையாகவே கேட்பது அபூர்வமான திறமை. அதைப் பழகும் இடமாகத்தான் நான் ஆராதனையைப் பார்க்கிறேன்.

கிரிவலம் சொல்லித்தருவது

சரி, எப்படித் திரும்பி வருவது? இதற்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது.

பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையைப் பாருங்கள். 14 கிலோமீட்டர். லட்சக்கணக்கில் ஜனம். அத்தனை பேரும் 14 கிலோமீட்டரும் சிவசிந்தனையோடுதான் நடக்கிறார்களா? சுண்டல் வாங்குகிறார்கள், கால் வலிக்கிறது என்கிறார்கள், மாமியாரைப் பற்றிப் பேசுகிறார்கள். அதற்காக யாரும் பாதியில் திரும்பிப் போவதில்லை. கொஞ்ச தூரம் போனதும் அக்னி லிங்கம் வரும், அப்புறம் எம லிங்கம், நிருதி லிங்கம். எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம். ஒவ்வொன்றிலும் நின்று கும்பிட்டுவிட்டு நடையைத் தொடர்கிறார்கள். என் இந்து நண்பன் ஒருவன் சொன்னான்: "வழியெல்லாம் கதை பேசிட்டுத்தான்டா வருவேன். லிங்கம் வந்தா வாய் தானா மூடிக்கும்."

பாதையை வகுத்தவர்களுக்கு மனுஷ மனசு தெரிந்திருக்கிறது. தொடர்ந்து கவனமாக இரு என்று சொல்லவில்லை. திரும்பி வருவதற்கு எட்டு இடம் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஆராதனை முறையையும் அந்தக் கண்ணோடு பார்த்தால் புதுசாகத் தெரியும். ஏன் அடிக்கடி எழுந்து நிற்கிறோம், உட்காருகிறோம், முழங்கால் போடுகிறோம்? ஏன் போதகர் ஒரு வரி சொன்னால் சபை ஒரு வரி சொல்கிறது? "ஒரே சடங்காக இருக்கிறதே" என்று நம் வயசுக்காரர்கள் சலித்துக்கொள்வோம். எனக்கு இவையெல்லாம் லிங்கங்கள் மாதிரிதான் தெரிகின்றன. ஊர் சுற்றிய மனசைச் சத்தம் போடாமல் கூப்பிடுகிற இடங்கள். சுவிசேஷ வாசிப்புக்கு எழுந்து நிற்கும்போது முழங்கால்தான் முதலில் விழிக்கிறது, அப்புறம் மனசு.

நம் தமிழ்க் கீர்த்தனையும் அப்படித்தான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் ராகத்தில், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று எழுதினார்கள். மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் அப்படிப்பட்ட பாடல்களைத் தொகுத்து அச்சிட்டார். அதற்குமுன் சபைகளில் பெரும்பாலும் மேல்நாட்டு மெட்டுக்குப் பொருத்திய மொழிபெயர்ப்புப் பாட்டுகள்தான். கீர்த்தனையில் பல்லவி என்ன செய்கிறது? ஒவ்வொரு சரணம் முடிந்ததும் திரும்ப வருகிறது. மூன்றாம் சரணத்தில் தொலைந்துபோனவனையும் பல்லவி கைபிடித்து உள்ளே இழுத்துவிடும்.

நிறைய மூட்டையோடு வந்தவர்

நம் ஊர் சம்பந்தப்பட்ட இன்னொருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அன்ரி லெ சோ என்ற பிரெஞ்சு பெனடிக்டைன் துறவி. 1948-இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1950-இல் குளித்தலைப் பக்கம் காவிரிக்கரையில் ஜூல்ஸ் மொன்ஷானின் என்ற குருவானவரோடு சேர்ந்து சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பின்னாளில் நம் மலையின் குகைகளில் மாதக்கணக்கில் மௌனமாக இருந்தவர் இவர்.

1949 ஜனவரியில் முதல்முறை ரமணரைப் பார்க்கத் திருவண்ணாமலை வந்தார். நிறையப் படித்துவிட்டு, பெரிய எதிர்பார்ப்போடு வந்திருந்தார். எதிரே இருந்தவரோ சாதாரணத் தாத்தா மாதிரி இருந்தார். எவ்வளவு உற்றுப் பார்த்தும் எதிர்பார்த்த ஒளிவட்டம் எதுவும் தெரியவில்லை. ஏமாற்றம். அப்போது ஆசிரமத்தில் இருந்த ஓர் ஆங்கிலப் பெண்மணி அவரிடம் பேசினார். நீங்கள் ரொம்ப மூட்டை முடிச்சோடு வந்திருக்கிறீர்கள், உங்களுக்குக் கிடைக்க வேண்டியது நீங்கள் போட்ட பாதையிலேதான் வர வேண்டும் என்று அடம்பிடிக்கிறீர்கள், காலியாக உட்கார்ந்து காத்திருங்கள் என்ற பொருளில் சொன்னாராம். இதைப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார்.

இருபது வருடம் மடத்தில் ஜெபித்துப் பழகிய துறவிக்கே இந்த அறிவுரை தேவைப்பட்டது. நாமும் ஞாயிறு காலையில், "இன்றைக்கு ஏதாவது உணர்வு வருமா, கண்ணீர் வருமா, பிரசங்கம் சூப்பரா இருக்குமா?" என்ற மூட்டையோடு போகிறோம். அதுவும் கவனச்சிதறல்தான். நடப்பதைப் பார்க்காமல், நடக்க வேண்டியதாக நாம் நினைத்ததைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டிலேயே ஜெபித்தால் போதாதா?

என் வகுப்புத் தோழர்கள் சிலர் கேட்பது இது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாரும் செல்போனில் ஆராதனை பார்த்தோம். சௌகரியம்தான். பிடிக்காத பாட்டைத் தள்ளிவிடலாம், பிரசங்கத்தை வேகமாக ஓட்டலாம். ஆனால் அங்கே திரும்பக் கூப்பிட ஆள் இல்லை. சபையில் என் மனசு வெளியே போனாலும் பக்கத்தில் இருக்கிற பாட்டி விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் குரல் என் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும், நான் வந்து சேர்ந்துகொள்ளலாம். அடுத்த நிமிஷம் அவர் அசந்தால் என் குரல் அவருக்கு. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி! வீட்டில் தனியாக இருந்தால் யார் துண்டு போடுவார்கள்? படுக்கையில் இருப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் நேரலை பெரிய உதவி, அதை மறுக்கவில்லை. நடக்க முடிந்த நமக்கு அது சாக்காக மாறக்கூடாது.

செல்போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேதாகமம் போனிலேயே இருக்கிறது, நல்லதுதான். ஆனால் தானாக அலைகிற மனசுக்கும் போன் அழைத்துப்போகிற மனசுக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது பல்லவி கேட்டால் வந்துவிடும். இரண்டாவதை வரவிடாமல் வைத்திருப்பதே ஒரு வியாபாரம். பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே சொன்னார், தகவல் பெருகினால் அது தின்பது கவனத்தைத்தான் என்று. வணிகவியல் மாணவர்களுக்குப் புரியும்: தட்டுப்பாடான சரக்குக்குத்தான் விலை. நம் கவனம் இன்று விலை போகிற சரக்கு. ஒன்றரை மணி நேரம் அதை விற்காமல் வைத்திருக்க, கையில் காகித வேதாகமம் போதும்.

அனாமத்துக் கணக்கு

ஒரு நடைமுறை யோசனையும் சொல்லிவிடுகிறேன். நம் பாடத்திலிருந்தே எடுத்தது.

இருப்பாய்வு டேலி ஆகாவிட்டால் என்ன செய்வோம்? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்ப்போம். பிழையை மறந்துவிடவில்லை, ஓர் இடத்தில் நிறுத்தி வைக்கிறோம், பிறகு கண்டுபிடித்துத் தீர்க்கிறோம். ஆராதனைக்குப் போகும்போது வேதாகமத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். பிரசங்க நடுவில் "பீஸ் கட்டணுமே" என்று வந்தால் 'பீஸ்' என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டுத் திரும்பிவிடுங்கள். 'அப்பா சுகர்', 'வைவா', 'கணேஷோட சண்டை'. எழுதிவிட்டால் மனசுக்கு மறந்துவிடுமோ என்ற பயம் போய்விடும்.

பொது ஜெபம் வரும்போது அந்தச் சீட்டை எடுங்கள். அங்கேதான் அந்தக் கணக்கு தீர வேண்டும். பத்து நிமிஷம் முன்னால் கவனத்தைக் கலைத்த அதே விஷயம் இப்போது ஜெபக் குறிப்பு. நம் மனசு சும்மா எங்கேயும் ஓடுவதில்லை, வலிக்கிற இடத்துக்குத்தான் ஓடுகிறது. அதே நேரத்தில் வாசிக்கிற அடுத்தவர்களின் பெயர்களையும் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் அவர்களைப் பார்க்கும்போது என்ன பேசுவது, எதைக் கேட்கக்கூடாது என்று தெரியும்.

சபைக்கும் பங்கு உண்டு

எல்லாப் பழியையும் பெஞ்சில் இருப்பவர் மேல் போடுவது சரியில்லை. ஆறாம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதிய பெனடிக்ட், கூடி ஜெபிக்கும்போது ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும் என்றார். அதுவும் துறவிகளுக்கு! 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஆவணம், மக்கள் புரிந்து, முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகுதான் நம் கத்தோலிக்க ஆலயங்களில் லத்தீன் பூசை தமிழ்ப் பூசையானது. ஜனங்கள் கவனிக்கவில்லை என்று திட்டவில்லை, கவனிக்கும்படி முறையை மாற்றினார்கள்.

இன்றைக்கு அவ்வளவு பெரிய மாற்றம்கூட வேண்டாம். காது கிழிகிற ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறைக்கலாம். இருபது நிமிஷ அறிவிப்பைத் தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம். முக்கியமாக, விண்ணப்பச் சீட்டுகளை ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஓட்டாமல், ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ஒரு மூச்சு இடைவெளி விட்டு வாசிக்கலாம். அதனால் ஆராதனை ஐந்து நிமிஷம் நீளும். நீளட்டும். அந்த ஐந்து நிமிஷத்தைப் பிரசங்கத்திலிருந்து எடுத்துக்கொண்டால் எங்கள் ஐயர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன் :-)

வருகிற ஞாயிறு பெஞ்சில் உட்கார்ந்ததும் மனசு கிளம்பத்தான் போகிறது. கிளம்பட்டும். எத்தனை தடவை போனது என்று எண்ண வேண்டாம். பொது ஜெபத்தில் யார் பெயர் வாசிக்கப்பட்டது என்று மட்டும் வாசலில் சொல்ல முடிகிறதா பாருங்கள். ஒரு பெயர் சொல்ல முடிந்தால் போதும், அன்றைக்கு நீங்கள் ஆராதனையில் இருந்தீர்கள்.

அடுத்த கட்டுரை மறுபடியும் கணக்குதான். கொட்டாவி விடாமல் படிக்கத் தயாராக இருங்கள்!